காதும் காலும் உள்ள இரும்பு

அனோஜினி தொட்டபோது அந்த இரும்புக் கம்பி இளஞ்சூடாக இருந்தது. ஹீற்றரிலிருந்து தள்ளி, உறைபனி அப்பிய ஜன்னலோரம் கிடந்த கம்பி. இப்போதுதான் யாரோ கையில் வைத்திருந்துவிட்டுப் போனதுபோல.

வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. அவளுடைய கணவன் டெனிஸ்டன் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வர ஐந்து மணியாகும்.

கம்பியை அவனுக்குக் கொடுத்தவள் அவனோடு வேலை செய்யும் லைபீரியாக்காரி, ஃபின்டா. தாய் செத்த நேரம் அவளுடைய வேலையையும் இவன் இரண்டு கிழமை சேர்த்துச் செய்தானாம். அந்த நன்றிக்குத் தாயின் பெட்டிக்குள் இருந்ததை எடுத்துத் தந்தாளாம். ஒருகாலம் அவளுடைய சனம் இப்படி முறுக்கிய கம்பிகளைத்தான் காசாகப் புழங்கியது. கட்டுக்கட்டாகக் கொடுத்து மாடு வாங்குவார்கள், பெண் எடுப்பார்கள்.

"பெண்ணெடுக்கிற காசை உங்களுக்கேன் தந்தவள்?" என்று அவன் அதைக் கொண்டுவந்த அன்றே கேட்டாள்.

"விசர்க்கதை கதையாதை. இதுக்கு உயிர் இருக்காம். இந்த நுனி காது, அந்த நுனி கால். முறிஞ்சா உயிர் வெளியில போயிடுமாம். பேந்து செல்லாதாம்."

சொல்லும்போது அவன் விரல் கம்பியின் முறுக்கு வழியே மெல்ல ஊர்ந்தது. அவளுடைய முதுகில் அந்த விரல் அப்படி ஊர்ந்து எவ்வளவு காலம். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலரைக்கே டிசம்பர் இருட்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டது. அவள் கம்பியைக் கதவிடுக்கில் செருகி, இரண்டு கையாலும் பிடித்து, ஃபின்டாவின் பெயரைப் பல்லுக்குள் கடித்தபடி வளைத்தாள். கிழட்டு இரும்பு. சட்டென்று முறிந்தது.

யாரோ மூச்சை விட்டார்கள்.

அவளில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். துருவும் ஈரமண்ணும் கலந்த மணம் ஒன்று அவள் காலடியில் எழும்பி, சுவரோடு உரசி, சப்பாத்துகளையும் தொங்கிய குளிர்க்கோட்டுகளையும் ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பதுபோல நடைவழியால் நகர்ந்து அறைக்குள் போனது. கட்டில் கிறீச்சிட்டது. அலுமாரி திறந்தது. உடுப்புகள் சரசரத்தன.

பிறகு அமைதி.

வாசலில் திறப்புச் சத்தம். டெனிஸ்டன்.

"அனோ?"

அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

"இஞ்சை இருக்கிறன். வாங்கோவன்," என்றது அறைக்குள்ளிருந்து அவளுடைய குரல். அவளே மறந்துபோன, கலியாணமான புதிதில் இருந்த குரல்.

அவன் முகம் மலர்ந்தது. அவளை உரசிக்கொண்டு நடந்தான். கோட்டிலிருந்த பனி அவள் கன்னத்தில் பட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓம், வாறன்."

அப்போதும் அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். யார் அவள்? சுவரைப் பிடித்து, அடிமேல் அடி வைத்துப் போனாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

கட்டிலில் அவன். கண் மூடி. தலையைச் சாய்த்து.

அவன் தலைமயிரை ஒரு கை கோதிக்கொண்டிருந்தது. விரலில் கலியாண மோதிரம்.

அவள் தன் கையைப் பார்த்தாள். வெறும் விரல். மோதிரம் கிடந்த வெள்ளைத் தடம்கூட இல்லை.

கோதிய கை நின்றது. பிறகு கதவை எட்டிப் பிடித்து, மெதுவாக, உள்ளிருந்து சாத்தியது.