தீப்பெட்டிக்குள் நூறு டன்

ஆஸ்திரேலிய மலையடிவாரத்தில் உள்ள எங்கள் லித்கோ ஊரில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, நூறு டன் நீராவி எஞ்சினைத் தீப்பெட்டிக்குள் அடைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு நான் பொய்யே சொல்வதில்லை. கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வேன், அவ்வளவுதான்.

அவள் பெயர் பிரயோனி. பக்கத்து வீட்டுப் பெரியவர் க்ளாரியைக் கைபிடித்து, குட்டி ரயில்களைச் செய்து ஓட்டும் எங்கள் சங்கத்துக்கு அழைத்து வருவாள். க்ளாரி ஒரு காலத்தில் நூறு டன் நிஜ எஞ்சினையே ஓட்டியவர். மேஜையில் ஓடும் அவருடைய பழைய எஞ்சின் என் முழங்கை நீளம் இருக்கும். அந்தக் குளிர்காலத்தில் அவருக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது.

"இதை யாருக்காவது குடுத்துடும்மா" என்று எஞ்சினை அவள் மடியில் வைத்தார். "எங்க ஓடுதுன்னே தெரியாத ரயில் எனக்கெதுக்கு?"

பிரயோனி அதை நேராக என்னிடம் கொண்டுவந்தாள். "இதுக்குச் சத்தம் வைக்க முடியுமா? காதால கேட்டா அவருக்கு எங்க ஓடுதுன்னு தெரியுமில்ல?"

எஞ்சினுக்குப் பின்னால் உள்ள கரிப்பெட்டியில் ரயில் சத்தம் பதிந்த ஒலிச் சில்லையும் சின்ன ஸ்பீக்கரையும் பொருத்தினேன். ஓட்டிப் பார்த்தால், டப்பாவில் மாட்டிய கொசு மாதிரி கத்தியது.

"என்னப்பா, ரயிலுக்கு ஜலதோஷமா?" என்றார் எங்கள் சங்கத்து மெர்வ். சூரியன் கிழக்கே உதிக்கும் என்றால்கூடச் சாட்சி கேட்கும் ஆள்.

நான் சத்தத்தைக் கூட்டினேன். கொசுவுக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம்.

பிரயோனி ஸ்பீக்கரைக் கழற்றித் திருப்பித் திருப்பிக் காதில் வைத்தாள்.

"முன்னாடியும் சத்தம் வருது, பின்னாடியும் வருது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. பின்பக்கத்தை மூடிடலாமா?"

காலித் தீப்பெட்டியின் உள்தட்டை எடுத்தாள். அதன் வாயில் ஸ்பீக்கரை வைத்து, இண்டு இடுக்கெல்லாம் பசையால் அடைத்து, கரிப்பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

புஸ்ஸ்... புஸ்ஸ்... மேஜை அதிர்ந்தது. மூன்று தெரு தள்ளி நாய்கள் எழுந்து நின்றன. சரி, ஒரு தெரு.

மறுவாரம் க்ளாரியின் கையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கொடுத்தோம். மெர்வ் மேஜை ஓரத்தில், தரையில் ஒரு மெத்தையைப் போட்டார்.

"கண்ணு தெரியாதவர் ஓட்டினா இங்கதான் வந்து விழும்."

"மலைச் சுரங்கப்பாதைப் புகையில யாருக்குப்பா கண்ணு தெரிஞ்சுது?" என்றார் க்ளாரி. "சத்தத்தை வெச்சுத்தான் ஓட்டுவோம்."

முதல் சுற்றில் நிலையம் இருக்கும் இடத்தை பிரயோனி மேஜையில் விரலால் தட்டிக் காட்டினாள். இரண்டாவது சுற்றில் கையைக் கட்டிக்கொண்டாள்.

எஞ்சின் காகிதச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. சத்தம் அமுங்கியது. க்ளாரி மூச்சை அடக்கிக்கொண்டார். நாங்களும்தான். வெளியே வந்ததும் அவர் விரல் குமிழை மெல்லத் திருப்பியது. புஸ்ஸ்... புஸ்... பு...

ரயில் நின்றது.

மெர்வ் குனிந்து பார்த்தார். எஞ்சின் நடைமேடையின் நுனியில் நின்றது, ஒரு மயிரிழைகூட விலகாமல்.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார் க்ளாரி.

"சரியா நின்னுடுச்சு" என்றாள் பிரயோனி. "இதை யாருக்குக் குடுக்கட்டும்?"

"யாருக்கும் குடுக்காதே" என்று எஞ்சினைத் தடவினார் அவர்.

இதை நான் எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரித்தால் மெர்வையே கேளுங்கள். அன்று அவர் மெத்தையை எடுத்து மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார்.

"நூறு டன்தான்" என்றார். "என் காதாலயே கேட்டேன்."