பதினொரு மணி வரை ஓடிய மோட்டார்!

"வீல்ல்ல்ல்..!"

காலை பதினொரு மணிக்கு அந்த அலறல் தெருவையே உலுக்கியது.

மெஷின் ரூமில் மனைவி நின்றிருந்தாள். கொண்டு வந்த காபி தரையில் ஓடியது. அதன் பக்கத்திலேயே கணவர்... பின்மண்டையில் ஸ்பேனர் அடி!

கதவில் அவர் கைப்பட எழுதிய அட்டை: 'டியூனிங் நடக்கிறது. தட்டினால் கடிப்பேன்!'

இனி யாரையும் கடிக்க மாட்டார்.

இருபது நிமிஷத்தில் இளம் பெண் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினாள். செத்தவரின் தம்பி அதற்குள் ஓடி வந்து, ஒரு சொந்தத் தம்பி அழ வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுது முடித்திருந்தார்.

"மேடம், நான் இங்கேர்ந்து ஒம்பதரைக்கே கிளம்பிட்டேன். பத்து மணியிலேர்ந்து சலூன்ல இருந்தேன். அண்ணி பத்து மணிக்குத்தான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தாங்க. அப்புறம் வீட்டுல அவங்க ரெண்டு பேர் மட்டும்தான்..."

"அதனால?"

"அண்ணன் எதுவரைக்கும் உயிரோட இருந்தார்னு மாடி வீட்டம்மாவைக் கேளுங்க!"

மாடி வீட்டம்மா கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"பதினொரு மணி வரைக்கும் கடகடன்னு ஓட விட்டாரும்மா! என் பல்லே ஆடிப்போச்சு. ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். ஆள் நின்னு நோண்டினாத்தானே அப்படிக் கேட்கும்?"

மனைவியின் முகம் வெளுத்தது.

"தம்பி... என்னையா சொல்றீங்க?"

"உண்மையை ஒத்துக்கிட்டா தண்டனை குறையும் அண்ணி!"

என்ன பாசம்!

இன்ஸ்பெக்டர் மேஜை மேல் இருந்த மெஷினிடம் போனாள். கம்ப்யூட்டர் சொல்கிறபடி அலுமினியத்தைச் செதுக்கும் வீட்டு மெஷின். மூன்று மோட்டார்கள். மூன்றையும் தொட்டுப் பார்த்தாள்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம்..."

"மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சார்! எங்க வம்சத்துலயே மொதல் டிகிரி. பொண்ணு கையில மெஷினைத் தர மாட்டோம்னு கம்பெனிகள்ல சொன்னாங்க. போலீஸ்ல லத்தியைத் தந்தாங்க. இந்த ஸ்டெப்பர் மோட்டார் ஓடினாலும் சுடும், பவர்ல சும்மா நின்னாலும் சுடும். பதினொரு மணி வரைக்கும் ஓடினது இருபது நிமிஷத்துல எப்படி சார் ஐஸ் மாதிரி ஆறும்?"

தம்பியின் விசும்பலுக்குத் திடீர் பிரேக்!

மேஜையில் ஒரு நோட்டு. பக்கம் பக்கமாக வேகம், கரண்ட், 'ஸ்டெப் தவறுது', 'இன்னும் கடகட'...

கடைசி வரியில் நேற்றைய தேதி. 'சத்தம் போச்சு! இனி எவனும் தொடாதே!'

இன்ஸ்பெக்டர் சுவிட்சைப் போட்டு மெஷினை ஓட்டினாள்.

மூன்று மோட்டார்களும் பூனை நடப்பது போல நகர்ந்தன.

"என்னம்மா... சத்தத்தையே காணோம்?" மாடி வீட்டம்மா வாயைப் பிளந்தாள்.

மனைவி உடைந்தாள். "நேத்து சாயங்காலம்தான் சரி பண்ணினார் மேடம். சின்னப் பிள்ளை மாதிரி குதிச்சார். இன்னைக்குக் கடகடன்னு கேட்டதும், மறுபடி நோண்டிக் கெடுத்துட்டாரேன்னு திட்டிக்கிட்டே காபி போட்டேன்..."

"மேடம்!" கான்ஸ்டபிள் கத்தினார். "அலுமினியத் தூள் கொட்டுற டப்பாவுக்குப் பின்னால ஒரு ஸ்பீக்கர்! உள்ள மெமரி கார்டு!"

பட்டனை அமுக்கியதும்...

கடகடகடகட!

"இதேதான்! இதேதான்!" என்றாள் மாடி வீட்டம்மா.

"உங்க போனைக் குடுங்க சார்."

தம்பியின் போன் கைமாறியது. போன மாதம் அண்ணன் அனுப்பிய ஆடியோ. அதே கடகட. ஆனால் ஸ்பீக்கரில் வெட்டப்பட்டிருந்த கடைசிப் பகுதி இதில் பத்திரமாக இருந்தது.

"கேட்டியாடா தம்பி? எங்கடா தப்பு பண்றேன்? நீயாவது சொல்லேன்..."

செத்தவரின் குரல். தம்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டை விக்கக் கையெழுத்துப் போட மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சார் மேடம்..."

"அவர் கேட்டதுக்கு ஒரு பதில் போட்டிருந்தீங்கன்னா, மோட்டார் சரியாயிடுச்சுன்னும் சொல்லியிருப்பார். பழைய சத்தத்தைப் போட்டு மாட்டியிருக்க மாட்டீங்க!"

விலங்கு மாட்டினாள். வாசலில் தெருவே கூடியிருந்தது.

"மேடம், மானம் போகுது... சத்தமில்லாம கூட்டிட்டுப் போயிடுங்க, ப்ளீஸ்!"

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாருக்குச் சத்தம்னா ரொம்பப் பிடிக்கும். சைரனைப் போடுங்க!"