காந்தத்தில் நிற்காத திரவம்

காலை பத்தரை. ஆஸ்பத்திரிக்குச் சிலிண்டர் இறக்கிவிட்டுத் திரும்பிய மகள்தான் எடையறைக் கதவைத் திறந்தாள். ஆக்சிஜன் ஆலையின் முதலாளி, அவள் அப்பா, தரையில் கிடந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அருகில் எஃகுக் குடுவை சாய்ந்து கிடந்தது. ஜன்னலில்லாத அந்த அறையில் காற்றாடியும் நின்றிருந்தது.

"மூச்சடைச்சுப் போயிருக்கார்," என்றார் மருத்துவர். "குடுவையில இருந்தது ஆக்சிஜன் இல்ல, திரவ நைட்ரஜன். ஆவியாகி நல்ல காத்தைத் துரத்திடுச்சு."

குடுவையை நிரப்பியவள் மகள். வாசலில் போலீஸ் வண்டி அவளுக்காகத்தான் நின்றது. பாவம், அவளை அழக்கூட விடாமல் 'இவதான்' என்று கைகாட்டிக்கொண்டிருந்தார் சித்தப்பா. ஆலையை விற்றே தீரவேண்டும் என்று அண்ணனிடம் மல்லுக்கு நின்ற மனிதர் அவர்.

"ஆக்சிஜன்தான் நிரப்பினேன் மேடம், சத்தியமா!" என்றாள் மகள், பெண் ஆய்வாளரிடம்.

ஆய்வாளர் காக்கி போடுவதற்குமுன் வேதியியல் படித்தவர். சித்தப்பாவிடம் திரும்பினார்.

"என்ன பார்த்தீங்க?"

"இவ நைட்ரஜனை அண்ணன் கையில குடுத்துட்டு வண்டியெடுத்துட்டுப் போயிட்டா. அப்புறம் நாங்க ரெண்டு பேர்தான்."

"அவர் என்ன செஞ்சார்?"

"வழக்கம்போல அந்தப் பெரிய காந்தத்தோட ரெண்டு முனைக்கு நடுவுல கொஞ்சம் ஊத்தினார். புகைஞ்சுக்கிட்டே ஒட்டி நின்னுது. தினமும் 'ஏன் நிக்குதுனு கேளுடா'ம்பார். எனக்கெதுக்கு அந்த வம்பு? அப்புறம் குடுவையை எடையறையில வச்சுட்டுக் கைகழுவப் போனார்."

"நின்னதைப் பார்த்தீங்க?"

"என் ரெண்டு கண்ணால!"

ஆய்வாளர் கையுறை மாட்டி, குடுவையின் அடியில் மிஞ்சியதைக் காந்தத்தின் நடுவே ஊற்றினார். அது நிற்கவேயில்லை, நேரே தரையில் கொட்டிச் சிதறியது.

"அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கிற எலக்ட்ரானும் உண்டு, எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்ங்கிற இடத்துல உக்காந்து, கூட இருந்தே பிணைப்பைத் தளர்த்துற எலக்ட்ரானும் உண்டு. ஆக்சிஜன்ல அப்படி ரெண்டு, ஜோடியில்லாம தனித்தனியா இருக்கு. அதான் காந்தம் இழுக்குது. நைட்ரஜன்ல அந்த இடம் காலி. பிணைப்பு ரொம்ப உறுதி. காந்தத்தைச் சட்டையே பண்ணாது."

"அதுக்கு?"

"நின்னுச்சுனு நீங்களே சொன்னீங்க, அப்போ உங்க அண்ணன் சோதிச்சது ஆக்சிஜன். பொண்ணு குடுத்தது சரியான குடுவை. அவர் கைகழுவப் போனப்ப அதை எடுத்துட்டு நைட்ரஜன் குடுவையை மாத்திவைக்க, காற்றாடியை நிறுத்த, அவர் திரும்பி உள்ள வந்ததும் குடுவையைச் சாய்ச்சுட்டு வெளியிலேர்ந்து கதவைப் பிடிச்சுக்க, இங்க உங்களைத் தவிர யார் இருந்தா?"

மகள் அருகே வந்தாள். "அப்பா தினமும் கூப்பிட்டாரே சித்தப்பா. ஒரு நாளாவது பக்கத்துல நின்னு கேட்டிருந்தா, அவரைக் கொல்ல உங்களுக்கு மனசு வந்திருக்குமா?"

அவளுக்காக நின்ற வண்டியில் சித்தப்பா ஏறினார்.