பூசணிக்காய்கள் மட்டும் வெளுத்தன

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஒக்டோபரின் கடைசி வெள்ளிக்கிழமை. பின்னேர மழையில் நனைந்து வந்த இம்மாகுலேற் கையிலிருந்த தட்டைக் கல்யாணசுந்தரத்தின் மேசையில் வைத்துவிட்டுத்தான் குடையை மடக்கினாள்.

தட்டு நிறையச் சொக்லேட் பூசணிக்காய்கள். பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹலோவீனுக்காக அச்சில் வார்த்தவை. முக்கோணக் கண்ணும் பல்லிளிப்புமாக இருந்த அவற்றின் மேல் சாம்பல் பூத்ததுபோல் ஒரு வெண்மை படர்ந்திருந்தது.

“நேற்று இரவு அச்சிலயிருந்து தட்டேக்க கண்ணாடி மாதிரி மினுங்கினது, அண்ணை. வேலையால வந்து பாத்தா இப்பிடி. நாளைக்குக் காலமை கேக் கடைக்குக் குடுக்கவேணும். என்ர முதல் ஓடர்.”

கல்யாணசுந்தரம் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளை ஆராய்பவர். செவன் கிங்ஸ் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் சின்னச் சின்ன மர்மங்களும் அவரிடம்தான் வரும். அவர் வாய் திறக்குமுன் மனைவி கனகாம்பிகை திறந்துவிடுவாள்.

“உன்ர மாமி இதைப் பற்றி என்ன சொன்னவ?”

“‘வேதக்காரப் பிள்ளை வீட்டுக்குள்ள பேயும் வார்க்குது’ எண்டு நேற்று முகத்தைத் திருப்பினவ. நான் கிறிஸ்தவமெல்லோ.”

“அப்ப இது திருநீறு. பேயை விரட்டத் தூவியிருக்கிறா. இஞ்சாருங்கோ, கேஸ் முடிஞ்சுது.”

“அவவிட்டக் கேட்டனியோ?” என்றார் கல்யாணசுந்தரம்.

“கேட்டா சண்டைதான் வரும். மூண்டு மாசமா நாங்கள் ரெண்டு பேரும் உப்பு, புளி தவிர வேற கதைச்சதில்லை. தனிய இருக்க லூயிஷாமில ஒரு அறை பாத்திருக்கிறம். இவர் இண்டைக்கு ஷிப்ட் முடிய அந்த அறைக்கதவின்ர திறப்பு வாங்கப்போறார். மாமிதான் செய்தவ எண்டா நான் போறன். இல்லையெண்டா…” அவள் குரல் தணிந்தது. “இல்லையெண்டா நல்லம், அண்ணை. இவர் அவவுக்கு ஒரே பிள்ளை.”

கல்யாணசுந்தரம் ஒரு பூசணிக்காயில் பெருவிரலை வைத்து அழுத்தினார். வெண்மை கரைந்து, கீழே கரும்பழுப்பு தெரிந்தது.

“திருநீறு எண்டா விரலில ஒட்டும். இது சொக்லேட்டுக்குள்ள இருந்த கொழுப்பு. சூட்டில இளகி, பிறகு குளிரில இறுகினா இப்பிடி வெளுக்கும். வேற என்ன வார்த்தனீ?”

“பேய் ஒரு தட்டு, வௌவால் ஒரு தட்டு. மூண்டும் குசினி யன்னலடியிலதான் கிடந்தது. அந்த ரெண்டுக்கும் ஒண்டும் ஆகேல்லை.”

“சரி, மாமி சூடு காட்டிக் கெடுத்திருக்கிறா,” என்றாள் கனகாம்பிகை விடாமல். “பெரிய வித்தியாசமோ?”

“பேயைப் பிடிக்காதவ பேயை விட்டிட்டுப் பூசணிக்காயை ஏன் கெடுக்கிறா?”

கனகாம்பிகை தன் கோட்டை எடுத்தாள். இம்மாகுலேற் தட்டைத் தூக்கிக்கொண்டாள்.

இம்மாகுலேற்றின் வீடு அடுத்த தெருவில். மாமியார் சிவகௌரி கதவைத் திறந்து, விருந்தாளிகளைப் பார்த்ததும் தேநீருக்குக் கேத்திலைப் போட்டார். குசினியில் குளிர் கடித்தது. சுவர்ப் பலகையில் இருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கல்யாணசுந்தரம் எடுத்துக் கவிழ்த்தார். எண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்து அசையாமல் நின்றது.

“நவம்பர் வரைக்கும் ஹீற்றர் போடமாட்டம், தம்பி,” என்றார் சிவகௌரி.

“வெள்ளிக்கிழமையெல்லோ, அக்கா. சாமியை எங்க வச்சிருக்கிறியள்? ஒருக்காக் கும்பிடுவம்.”

சிவகௌரி மகிழ்ச்சியோடு மாடிக்கு அழைத்துப்போய் ஒரு சுவர் அலுமாரியைத் திறந்தார். கீழே வீட்டின் வென்னீர்த் தொட்டி. அதற்கு மேலே ஒரு பலகையில் பிள்ளையார், அம்மன் படங்கள், ஒரு சின்ன மின்விளக்கு. மூலையில் இன்னொரு தேங்காயெண்ணெய்ப் போத்தல். கல்யாணசுந்தரம் அதைச் சாய்த்தார். எண்ணெய் தண்ணீராக ஓடியது.

கீழே வந்து எல்லோரும் தேநீரோடு உட்கார்ந்த பிறகு அவர் மெல்லக் கேட்டார்.

“அக்கா, காலமை பூசணிக்காய்த் தட்டைப் பிள்ளையாருக்கு முன்னால எவ்வளவு நேரம் வச்சனீங்கள்?”

இம்மாகுலேற் நிமிர்ந்தாள். சிவகௌரி மருமகளைப் பார்க்காமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

“குளிச்சு, தேவாரம் பாடி முடியுமட்டும். பிள்ளையின்ர முதல் ஓடர். படைக்காமல் வெளியில குடுக்கிறதே? பேயையும் வௌவாலையும் பிள்ளையாருக்கு முன்னால எப்பிடி வைக்கிறது? அதான் மரக்கறியை மட்டும் கொண்டுபோனன்.”

கனகாம்பிகைக்குச் சிரிப்பு வந்து தேநீர் புரையேறியது.

“அந்த அலுமாரியில நெருப்பு இல்லை. அதால சூடு எண்டு ஆருக்கும் தோன்றாது,” என்றார் கல்யாணசுந்தரம். “ஆனா தொட்டி விடியக் கொதிக்குது. குசினியில உறையுற எண்ணெய் அங்க உருகி நிக்குது. சொக்லேட்டும் மேல மட்டும் இளகியிருக்கும், உருவம் மாறியிருக்காது. அக்கா திருப்பிக் கொண்டுவந்து வைக்கேக்க வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. பிறகு யன்னலடிக் குளிரில இறுகி வெளுத்திட்டுது.”

சிவகௌரி அப்போதுதான் தட்டைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. “அப்ப கெடுத்தது நான்தான்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, மாமி.”

“நீ வேதக்காரப் பிள்ளை. என்ர சாமிக்கு வச்சா கோவிப்பியோ எண்டு பயந்தன்.”

இம்மாகுலேற் வெளுத்த பூசணிக்காய் ஒன்றை எடுத்துப் பாதியாக உடைத்தாள். ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மற்றதை மாமியாரிடம் நீட்டினாள்.

“ருசி கெடேல்லை. உருக்கித் திரும்ப வார்க்கலாம்.”

“படைச்சதை விக்கிறதில்லை,” என்றார் சிவகௌரி கண்டிப்பாக, அந்தத் துண்டை வாயில் வைத்தபடியே. “இதை நாங்கள் தின்னுவம். கடைக்குப் புதுசா வார்ப்பம். இடியப்பச் சட்டியில தண்ணி வைக்கட்டே? நேற்று சொக்லேட் உருக்க நீ அதுக்கு மேலதானே கிண்ணத்தை வச்சனீ?”

“பாத்தனீங்களோ?”

“கதவு இடுக்கால பாத்தன். அந்தப் பேய் அச்சில எனக்கும் ஒண்டு வார்க்கவேணும்.”

இம்மாகுலேற் எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்து, கணவன் வேலை செய்யும் பெற்றோல் நிலையத்தின் எண்ணைச் சுழற்றினாள்.

“இஞ்சாருங்கோ, திறப்பு வேண்டாம். வரேக்க சொக்லேட் வாங்கிக்கொண்டு வாங்கோ. மாமி காத்துக்கொண்டிருக்கிறா.”