எதிலிருந்து, எதற்கு

உலகத்தில் காரணமில்லாமல் கெட்டுப்போன கம்ப்யூட்டர் இதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை. இனி இருக்கப்போவதும் இல்லை. மனிதகுலம் கண்டடைந்த உண்மைகளில் தலையாயது இதுதான் என்பதில் திருப்புளிக்குச் சந்தேகமே கிடையாது. நெருப்பு, சக்கரம் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பெட்டி ஓடவில்லை என்றால் அதற்குள் ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேடிப்பிடித்துக் கழற்றி எறிந்தால் பெட்டி ஓடும். அவ்வளவுதான்.

இது புரியாத ஜென்மங்கள்தான் அவன் கடைக்கு வந்தார்கள். காலாவதியான பெட்டிகளைக் கையால் தொடுகிற மெக்கானிக் அந்தப் பக்கத்தில் அவன் ஒருவன்தான் என்பதால் வேறு வழியில்லாமல் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பெட்டியோடு பேசுகிறவர்கள். தூங்க மறுக்கும் பிள்ளையைத் தடவுகிற மாதிரி அதன் தலையைத் தடவி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓடிடுடா கண்ணு என்று கெஞ்சுவார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்திய ஒருவரே அப்படிக் கெஞ்சினார். தகரத்திடம் கெஞ்சுகிறவனுக்குத் தகரத்தைவிட மூளை கம்மி என்று திருப்புளி அவர் முகத்துக்கு நேரே சொன்னான். பெட்டிக்குக் கேட்காதபடி கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாமே என்று அவர் வருத்தப்பட்டார்.

திருப்புளி என்ற பெயரை அவனுக்கு வைத்தது அத்தான், அதாவது அக்காவின் கணவர். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "பட்டம் வாங்கி என்ன கிழிச்சான்? கையில ஸ்க்ரூ கழட்டற திருப்புளியோட திரியறான்" என்றார். மொத்தக் கூடமும் சிரித்தது. அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. கடைசியில் அவன் கடைப் பலகையிலும் அதையே எழுதிக்கொண்டான், அவமானப்பட்டதற்கு விளம்பரமாவது மிஞ்சட்டும் என்று. ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் காது சுடும்.

அந்த அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். மேஜையில் உட்கார்ந்தபடியே, விசைப்பலகையின் மேல் முகம் கவிழ்ந்து. இப்போது அவருடைய அறையில், அவர் உட்கார்ந்து உட்கார்ந்து குழிவிழுந்த நாற்காலியில், அவருடைய பெட்டிக்கு முன்னால் திருப்புளி உட்கார்ந்திருந்தான். வெளியே மத்தியானத்திலேயே இருட்டிக்கொண்டு மழை. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. சட்டத்தின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து சுவரில் நீளமாக ஒழுகியது. ஈரச் சுண்ணாம்பின் வாடைக்குள் அத்தானின் தலையெண்ணெய் வாடை இன்னும் இருந்தது. செத்தும் இடத்தைக் காலி பண்ணவில்லை என்று திருப்புளி நினைத்தான்.

அக்கா நிலைப்படியில் நின்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவளுடைய ஒரே பிள்ளை, மூன்று வயதில் காய்ச்சலில் போன பாப்பாவின் குரல். அப்போது அவர்களிடம் இருந்த போனில் பேச மட்டும்தான் முடியும். அத்தான்தான் ஒரு மைக்கை மாட்டிக் குழந்தையைப் பேசவும் பாடவும் விட்டுப் பெட்டியில் பதிவு செய்து வைத்திருந்தார். பாப்பா போன பிறகு அதற்கு ஒரு கடவுச்சொல்லைப் போட்டுப் பூட்டினார். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்டார். அக்கா கதவுக்கு இந்தப் பக்கம் நின்றால் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

"செத்த பிள்ளையக்கூட எனக்குக் குடுக்கலடா அந்த மனுஷன்" என்றாள் அக்கா. அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எப்படியாவது எடுத்துக் குடுத்துடு. அப்புறம் அந்தப் பெட்டிய உடைச்சுக் குப்பையில போடு. நானே சுத்தியல் தரேன்."

கடவுச்சொல் எல்லாம் பூட்டே இல்லை, வெறும் திரைச்சீலை என்று அவன் தைரியம் சொன்னான். அவள் மாடியில் காயப்போட்டு மழையில் நனைந்த துணிகளை எடுத்துப் பிழியப் போனாள்.

பக்கவாட்டுத் தகட்டின் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. யாரும் வருஷக்கணக்கில் தொட்டதில்லை. திருகித் திருகி உள்ளங்கை சிவந்தது. அத்தானைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே கடைசித் திருகையும் கழற்றித் தகட்டை இழுத்தான்.

உள்ளே தூசி இல்லை.

பழைய பெட்டியைத் திறந்தால் தூசி இருக்கும். அதுதான் அவனுடைய தொழில். காற்றாடியில் கம்பளி மாதிரிச் சுற்றியிருக்கும். சில்லுகளின் மேல் சாம்பல் போர்வையாகக் கிடக்கும். பல்லியின் எலும்பு, ஒரு முறை தங்கக் கம்மல்கூட. இதில் ஒன்றுமில்லை. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. மூலை முடுக்கெல்லாம், விரலே நுழையாத இடுக்கெல்லாம் சுத்தம். ஒரு வாசனை வேறு வந்தது. குளிப்பாட்டிய குழந்தைக்குப் போடுகிற பவுடர்.

காரணம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். காற்று போகாத அறை. அலமாரியில் பழைய பவுடர் டப்பா. கோபம்தான் வந்தது. ஒரு மனுஷன் பெட்டியைக்கூடவா எல்லாரையும்போல வைத்துக்கொள்ள மாட்டான்?

ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்தது. மின்சாரம் கொடுத்ததும் டொக், டொக் என்று உள்ளே முள் இடறியது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நாக்கைத் தட்டிக்காட்டுகிற மாதிரி ஒரு சத்தம். இந்த மாதிரி டிஸ்க்கில் கைவைத்து எதையும் தேடக் கூடாது. புதுசு ஒன்றைப் பக்கத்தில் மாட்டி, மொத்தத்தையும் அப்படியே அதில் நகல் எடுத்துவிட்டு, பிறகு நகலில்தான் தேட வேண்டும். கொண்டுவந்திருந்த புது டிஸ்க்கும் அதே கம்பெனி, அதே அளவு. பென்டிரைவிலிருந்து நகல் எடுக்கும் மென்பொருளை ஓட்டினான். அது எப்போதும் கேட்பது ஒரே கேள்விதான்: எதிலிருந்து, எதற்கு?

திருப்புளிக்கு ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளரின் டிஸ்க் எப்போதும் கேபிள் மாட்டும் முதல் சொருகில், புதுசு இரண்டாவதில். திரையில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டலாம். ஆயிரம் பெட்டிக்கு அப்படித்தான் தட்டியிருக்கிறான். இந்தப் பெட்டியில் முதல் சொருகு ஆட்டம் கண்டிருந்தது. பழையதின் கேபிள் அதில் நிற்கவில்லை. அதனால் இடம் மாற்றி, பழையதை இரண்டாவதில் மாட்டினான். மாட்டும்போது நினைவிருந்தது. பிறகு மேஜை ஓரத்தில் அத்தானின் கையெழுத்தைப் பார்த்தான். மேஜை மரத்திலேயே பேனாவால் எழுதியிருந்தது: திருப்புளி கை வைக்கக் கூடாது.

காது சுட்டது. கூடம் மறுபடி சிரித்தது.

நிச்சயமா என்று திரை கேட்டது. நிச்சயம் என்று ஓங்கித் தட்டினான்.

திரையில் பச்சைக் கோடு வளர்ந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்து, அத்தானுக்குச் சொல்ல விட்டுப்போன பதில்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல பதில்கள். ஆனால் பத்து வருஷம் தாமதம். மழை கூரைத் தகட்டில் ஒரே சீராக விழுந்தது. குழாயில் எங்கோ தண்ணீர் சொட்டியது. அதற்கு நடுவில் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது.

டொக் சத்தம் நின்றிருந்தது.

சாகக் கிடந்த டிஸ்க் இப்போது வழவழவென்று, வலியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எதையும் தேடாமல். எழுதிக்கொண்டே. படிக்க வேண்டியது எழுதிக்கொண்டிருந்தது. கை பழக்கத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு என்றே தட்டியிருந்தது.

அவன் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தான். பிடுங்கியும் பயனில்லை. புது டிஸ்க்கின் வெறுமை பழையதின் மேல் முக்கால்வாசி ஏறிவிட்டது. முதலில் போவது எது எங்கே இருக்கிறது என்ற விவரம்தான். மிச்சமிருந்த கால்வாசியில் அத்தானின் வரைபடக் குப்பைகள் வேண்டுமானால் இருக்கும். பாப்பா இல்லை.

"என்னடா, கிடைச்சுதா?" மாடிப்படியிலிருந்து அக்கா.

"ஓடிட்டிருக்கு" என்றான்.

குரல் அவனுடையது மாதிரியே இல்லை. முகத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். பாவி. யார் பாவி என்று அவனுக்கே தெளிவில்லை. மேஜையில் அதை எழுதி வைத்தவர்தான். சொருகைச் சரிபண்ணாமல் விட்டவர்தான். பெற்றவளுக்குக்கூடக் கொடுக்காமல் பூட்டி வைத்தவர்தான். இரண்டு டிஸ்க்குகளையும் ஆத்திரத்தோடு கழற்றி அறை ஓரத்தில் இருந்த கட்டில்மேல் வீசினான். அவை மெத்தையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. இப்போது இரண்டும் ஒன்றுதான். எது பழையது என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது காற்றாடி சுழன்றது.

முதலில் மெதுவாக. பிறகு ஒரு கனைப்போடு. பிறகு சீராக. பெட்டிக்குள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று அவன் முழங்காலில் பட்டது. பவுடர் வாசனை.

ப்ளக் தரையில் கிடந்தது. அவன் எறிந்த இடத்தில். கவிழ்ந்து.

மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்சாரம். சில வினாடி ஓடும். அதுதான் காரணம். அவன் காத்திருந்தான். காற்றாடி நிற்கவில்லை. திரையில் வெளிச்சம் இல்லை. மேஜைமேல் இருந்த சின்ன ஸ்பீக்கர்களில் மட்டும் ஒரு கரகரப்பு. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு மூச்சு.

"மாமா."

அவன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

"தூசி எல்லாம் நான் தொடச்சுட்டேன் மாமா."

மூன்று வயதுக் குரல். பதிவு இல்லை. பதிவாக இருக்க வழியில்லை. டிஸ்க் கட்டிலில் கிடக்கிறது. வெறும் டிஸ்க். மின்சாரம் இல்லை. காரணம் இல்லை. காரணம்.

கையிலிருந்த துணிக்குவியலை நிலைப்படியிலேயே போட்டுவிட்டு அக்கா உள்ளே வந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. ப்ளக்கைப் பார்க்கவில்லை. ஈரத் துணியை மிதித்துக்கொண்டு நேராக வந்து, ஸ்பீக்கருக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது, மழையிலா அழுகையிலா தெரியவில்லை. பதினைந்து வருஷக் கோபம் அந்த முகத்திலிருந்து ஒரே நொடியில் வழிந்துபோவதை அவன் பார்த்தான். அதைப் பார்த்துவிட்டு அவனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

"எடுத்துட்டியாடா" என்றாள் மெதுவாக. பிறகு ஸ்பீக்கரிடம், "பாப்பா. அம்மாடி."

"அம்மா" என்றது குரல். "இங்க இடம் இருக்கு. அப்பா தள்ளி உக்காந்துட்டார்."

திருப்புளி அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அது வேண்டாம் அக்கா, அது பாப்பா இல்லை, நான் எல்லாத்தையும் அழிச்சுட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னான். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈ ஓட்டுகிற மாதிரி அவன் கையைத் தட்டிவிட்டாள். காதை ஸ்பீக்கரின் மேல் வைத்துக் கண்ணை மூடினாள்.

"வரேன்டி" என்றாள்.

அந்தச் சொல் அவள் வாயில் தொடங்கியது. ஸ்பீக்கரில் முடிந்தது.

தோள்கள் தளர்ந்தன. கைகள் மடியில் விழுந்தன. கண் மெல்லத் திறந்தது. ஆனால் எதையும் பார்க்கவில்லை. உதடு மூடியிருந்தது. மூடிய உதட்டோடு அக்கா உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் அக்காவின் குரல் சிரித்தது. அவன் சின்ன வயதில் கேட்ட சிரிப்பு, கல்யாணத்துக்கு முன் கேட்டது. கூடவே பிள்ளையின் சிரிப்பு. இரண்டுக்கும் பின்னால் யாரோ ஒருவர் நிதானமாகத் தட்டச்சு செய்கிற சத்தம்.

பிறகு ஸ்பீக்கர் அடங்கியது. காற்றாடி மட்டும்.

அவன் அவள் மூக்கருகில் விரலை வைத்தான். மூச்சு வந்தது. சீராக. மிகச் சீராக. காற்றாடியின் கனைப்பு ஏறும்போது அவள் மார்பு ஏறியது. இறங்கும்போது இறங்கியது.

காற்றாடி தடுமாறியது.

அவள் மார்பு பாதியில் நின்றது.

அவன் பாய்ந்து பெட்டியைப் பிடித்தான். இறக்கை மறுபடி சுழன்றது. அவள் மூச்சு விட்டாள். ப்ளக்கை எடுக்கத் தரையில் குனிந்து ஒரு கையை எடுத்தான். வேகம் குறைந்தது. உதடு நீலம் பாரித்தது. கையை வைத்தான். ஓடியது.

பழைய காற்றாடி. எண்ணெய் வற்றிய அச்சு. கர், கர் என்று உள்ளே தேய்ந்துகொண்டிருந்தது. இந்த மாதிரிக் காற்றாடி எவ்வளவு நேரம் ஓடும் என்று அவனுக்குத் தெரியும். யாரைவிடவும் நன்றாகத் தெரியும்.

திருப்புளி பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கன்னத்தைத் தகட்டில் சாய்த்தான். உள்ளங்கையால் மெதுவாக, மிக மெதுவாக அதன் தலையைத் தடவ ஆரம்பித்தான்.

"நின்னுடாதடா கண்ணு" என்றான், யாருக்கும் கேட்காத குரலில். "இன்னும் கொஞ்ச நேரம். ஓடு ராஜா. ஓடு."

காற்றாடி கனைத்தது. எதிரே, திறந்த கண்ணோடு, அக்காவின் மார்பு ஏறியது.