பக்கத்து சீட்டின் பிரேக்

அந்த வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. மருந்துக்கடைக்காரர் சொன்னபடி, தச்சுப் பட்டறையைத் தாண்டி, முட்டுச் சந்தின் கடைசியில் இருந்தது. மதில் முழுக்கப் பாசி. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார் ஒன்று வாசலைப் பார்த்தபடி நின்றது. மழை விட்டிருந்தும் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது.

நர்ஸ் வாசலிலேயே நின்றாள். வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது.

மருந்துக்கடையில் அவள் சொன்னது பொய்.

“தங்கச்சிக்குத்தான் கேக்கறேன். கொஞ்சம் பயந்த சுபாவம். கத்தாம சொல்லித்தர ஆளா இருந்தா நல்லது.”

“அப்ப மாஸ்டர்கிட்ட அனுப்புங்க சிஸ்டர். வாயே திறக்க மாட்டாரு. அவர் வண்டியில இதுவரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அது வந்தா எங்க தெரு நாய் எந்திரிக்கக்கூட எந்திரிக்காது, நின்னுதான் போகும்னு அதுக்கே தெரியும்.”

அவளுக்குத் தங்கை கிடையாது. வயது நாற்பத்தாறு. மூன்று முறை ஓட்டுநர் தேர்வில் தோற்றவள். வார்டில் நின்று நின்று முழங்கால் தேய்ந்துபோனதால், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணலில், “கார் ஓட்டத் தெரியுமில்ல?” என்று கேட்டார்கள். “தெரியும்” என்று சொல்லிவிட்டாள். லைசென்ஸைப் புதுப்பிக்கக் கொடுத்திருப்பதாக இன்னொரு பொய்யும் சேர்ந்துகொண்டது. வேலை கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டவில்லை என்றால், வேலையோடு மானமும் போகும்.

வீட்டிலிருந்து ஒரு மெலிந்த மனிதர் வந்தார். சட்டைக் கை முழங்கை வரை மடித்திருந்தது. கையில் வண்டி துடைக்கும் துணி.

“மாஸ்டர் நீங்கதானே?”

அவர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஏறுங்க” என்றார்.

“நானா? முதல்ல நீங்க மெயின் ரோடு வரைக்கும் எடுத்துட்டு வந்தா...”

“இங்க முதல் நாள்லேருந்தே கத்துக்கறவங்கதான் எடுக்கணும்.”

அவர் செருப்பைக் கழற்றிக் கொட்டகையிலேயே விட்டார். பக்கத்து சீட்டில் ஏறி, சிறு பிள்ளை மாதிரி கால் இரண்டையும் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். அவருக்குக் கீழே, பயிற்சி வண்டிகளில் இருப்பதுபோல் சொல்லித்தருபவருக்கென்று தனியாக ஒரு பிரேக். அதன் ரப்பர் தேய்ந்து பளபளத்தது.

வண்டிக்குள் முகப்பவுடர் வாசனை அடித்தது. பழைய வாசனை. மூடி வைத்த அலமாரியிலிருந்து வருவதுபோல.

முதல் நாள் கிளட்சை வெடுக்கென்று விட்டாள். வண்டி குதித்து நின்றது.

“உச்.”

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்த ஓசை. அவள் காது வரை சூடேறியது. கத்தாத ஆள் என்றார்களே, இதற்குப் பதில் கத்தியிருக்கலாம். திரும்பவும் எடுத்தாள். கண்ணாடி பார்க்காமல் திரும்பினாள். உச். கியரைத் தடவினாள். உச். படிக்கிற காலத்தில் ஊசி போடக் கை நடுங்கியபோது பின்னால் நின்ற தலைமை நர்ஸ் இப்படித்தான் உச்சுக் கொட்டுவாள்.

ஆனாலும் வண்டி எங்கும் இடிக்கவில்லை. அவள் பதறுகிற ஒவ்வொரு முக்கிலும் பக்கத்து பிரேக் மெல்ல இறங்கி, வண்டி பூப்போல நின்றது. நல்ல மாஸ்டர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் மகள் கேட்டாள். “எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினே?”

“ஒருத்தரையும் இல்லை.”

“பரவாயில்லையே. நீயே இடிச்சு நீயே கட்டுப் போடுவேன்னுல்ல நினைச்சேன்.”

இரண்டாவது வாரம், இருட்டிக்கொண்டு வந்த ஒரு மழை மாலையில், கிடங்குத் தெருவில் முன்னால் நின்ற லாரி ஒன்று விளக்கில்லாமல் பின்னோக்கி வந்தது. பிரேக் என்று நினைத்து அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி சீறியது. லாரியின் பின்பலகை முன்கண்ணாடியை நிறைத்தது.

கார் நின்றது. ஒரு சாண் இடைவெளி. இன்ஜின் திணறி அணைந்தது.

மழை மட்டும் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“நல்லவேளை, பிடிச்சீங்க மாஸ்டர்” என்று சொல்லித் திரும்பினாள்.

அவர் சம்மணம் போட்டபடியே இருந்தார். இரண்டு பாதங்களும் தொடைக்கடியில்.

கீழே, பிரேக் மிதி தரையோடு தரையாக அழுந்தியிருந்தது.

“உச்.”

அவர் உதடுகள் மூடியிருந்தன. ஓசை அவருக்கும் அவளுக்கும் நடுவிலிருந்து, அவள் காதுக்கு ரொம்பப் பக்கத்தில் கேட்டது.

மிதி மெதுவாக மேலே எழும்பியது. அதன்மேல் கால் வைத்திருப்பவர் நிதானமாக எடுப்பதுபோல.

“இறங்கிடாதீங்க” என்று அவர் கிசுகிசுத்தார். “பாதியில இறங்கினா அவளுக்குப் பிடிக்காது.”

“யாருக்கு?”

“மாஸ்டருக்கு.”

அவர் அவளைப் பார்க்காமல், துடைக்கும் துணியை மடியில் நான்காக மடித்துக்கொண்டே பேசினார்.

“ஊர்ல முதல்ல மாஸ்டர்னு சொன்னது என் பொண்டாட்டியைத்தாங்க. நான் வண்டி கழுவுறவன். அவ போனது இந்த சீட்லதான். யாரோ ஒருத்தர் ஓட்டக் கத்துக்கிட்டிருந்தாரு. இன்னிக்குத் திட்டே இல்லைன்னு சந்தோஷமா வந்திருக்காரு. எல்லா முக்குலயும் வண்டி தானா நின்னு நின்னு வந்துச்சு. வாசல்ல வந்து கதவைத் திறந்தா, உடம்பு சில்லுனு கிடக்கு. உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னாரு டாக்டர்.”

அவள் ஒரு கையால் கதவுப் பிடியைத் தேடினாள்.

“அப்புறமும் ஆளுங்க மாஸ்டர் இருக்காரான்னு கேட்டு வந்தாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. சும்மா ஏறி உக்காந்தேன். வண்டி பாட்டுக்கு நின்னுச்சு. நான் காலைக் கீழ வைக்கறதில்லை.” சற்று நிறுத்தினார். “வெச்சா, அங்க ஏற்கெனவே ஒரு கால் இருக்கு.”

“நீங்களே ஓட்டிட்டுத் திரும்பிடலாமே. என்னால இனிமே ஓட்ட முடியாது.”

அவர் தலை இன்னும் தாழ்ந்தது.

“எனக்கு ஓட்டத் தெரியாதுங்க.”

இதைச் சொல்லும்போது அந்த மனிதர் அடைந்த வெட்கத்தை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஒவ்வொரு காலையிலும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான் அது.

அதன் பிறகு அவள் போயிருக்கக் கூடாது. வேறு யாரிடமாவது ஒழுங்காகக் கற்றிருக்கலாம், அல்லது ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேர்வுக்கு நான்கு நாள்தான் இருந்தது. அவள் அதே வண்டியைக் கேட்டாள்.

“தெரிஞ்சுமா?” என்றார் அவர்.

அவள் சாவிக்காகக் கை நீட்டினாள். அவர் எடுத்துக் கொடுத்தார்.

தேர்வு நடத்தும் அதிகாரி பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். “ஏசி போட்டிருக்கீங்களா?”

“இல்லைங்க சார்.”

“வெளிய கொளுத்துது, இங்க என்ன இப்படி...” அவர் முடிக்காமல் கதவோரம் ஒதுங்கி, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். யாரோ இடம் கேட்டு நெருக்குவதுபோல.

கடைசித் திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவள் கால் பதறியது. அதே தப்பான மிதி. இன்ஜின் உறுமியது. கார் மூக்கைக் குத்திக்கொண்டு நின்று, அணைந்தது.

அதிகாரி மூச்சை விட்டார். “வண்டி அணைஞ்சா பரவாயில்லை. சட்டுனு பிரேக் பிடிச்சீங்க பாருங்க, அதுதான் வேணும். பாஸ்.”

அவள் வலது கால் இன்னும் ஆக்சிலேட்டரில் இருந்தது. நன்றி சொன்னாள். பக்கத்திலிருந்து வந்த ஓசை அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது, அவளுக்கு மட்டும் கேட்டது, நீளமாக, வெறுத்துப்போன ஓர் உச்.

ஆபீஸ் கொடுத்த கார் புத்தம் புதியது. பயிற்சி வண்டி இல்லை என்பதால் பக்கத்து சீட்டுக்குக் கீழே மிதி எதுவும் கிடையாது, வெறும் தரை விரிப்புதான். முதல் நோயாளி ஊருக்கு வெளியே, பாலம் தாண்டி, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றக் காத்திருந்தார். ஆபீஸ் அடுக்குமாடியின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்தில் அவள் சாவியைத் திருப்பப் போனபோது போன் அடித்தது.

“நான்தாங்க, வண்டி கழுவுறவன்.” குரல் நடுங்கியது. “காலையில ஒரு பையன் காரைக் கொண்டுபோய் மதில்ல விட்டுட்டான். அவனுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா வண்டி நிக்கலைங்க. பிரேக் அசையவே இல்லை. உள்ள அந்த வாசனையும் இல்லை.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“அவ உங்ககூட வந்துட்டாளா? வந்திருந்தா சொல்லிடுங்க. நான் போர்டைக் கழட்டிடறேன். இனிமே ஏமாத்த முடியாது.”

புதுக் காரின் பிளாஸ்டிக் மணத்தை மீறி முகப்பவுடர் மெல்லப் பரவியது.

“இங்க யாரும் இல்லைங்க” என்றாள்.

மறுமுனையில் துணியை உதறும் ஓசை. பிறகு, “சரிங்க” என்று வைத்துவிட்டார்.

அவள் தன் பெல்ட்டை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள்.

டிங். டிங். டிங்.

முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் எரிகிற விளக்கு. மருந்துப் பை பின்சீட்டில் இருந்தது. பக்கத்து சீட்டில் ஒன்றுமே இல்லை. அதன் புதுத்தோல் மட்டும் நடுவில் லேசாக அமுங்கியிருந்தது.

டிங். டிங். டிங்.

இறங்கி ஓடலாம். ஓடினால், மேலே ஆபீசில் ஏன் என்று கேட்பார்கள்.

அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். வியர்த்த கையைச் சேலையில் துடைத்தாள். முன்னாலேயே பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்.

“பெல்ட் போட்டுக்குங்க, மாஸ்டர்.”

பட்டை இழுபடும் ஓசை சரசரவென்று கேட்டது.

பிறகு, க்ளிக்.