கடைசி வார்த்தைக்கு முன் ஓர் இடைவேளை

நெறியாளர் வந்தபோது அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்தவர் அண்ணி. வேலையை விட்டபின் வீட்டிலிருந்தபடியே பிறர் சிக்கல்களை அவிழ்த்துக் கொடுத்தார். உடனிருந்து ஓடியாடும் நாத்தனார் ‘அண்ணி’ என்று கூப்பிடுவதைக் கேட்டு, வழக்கோடு வருபவர்களும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தார்கள்.

நெறியாளர் தினமும் மாலையில் தொலைக்காட்சியில் அரசியல் விவாதம் நடத்துபவர். எதிர்க்கட்சிப் பேச்சாளர் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் பேச்சு அறுந்துபோகிறது, நெறியாளர் ஆளுங்கட்சியின் ஆள் என்று அந்தக் கட்சியிலிருந்து புகார் வந்திருந்தது. மறுநாள் தலைமை ஆசிரியர் முடிவெடுப்பார். நாற்காலி போய்விடும் என்றே அலுவலகத்தில் பேச்சு.

“பழைய பதிவையெல்லாம் போட்டு அளந்து பார்த்துட்டேன் அண்ணி. ரெண்டு பேருக்கும் சமமாத்தான் நேரம் குடுத்திருக்கேன். உள்ளேயிருந்து யாரோ விளையாடறாங்க.”

யாரோ என்றாலும் அவர் மனதில் ஒருவர் இருந்தார். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் பக்கத்து அறையில் உட்கார்ந்து, நெறியாளரின் காதில் பொருத்திய கருவி வழியே ‘பிரேக் வருது, முடிங்க’ என்று சொல்பவர். அந்தக் குரல் வந்தவுடன் யார் பேசினாலும் நிறுத்தியாக வேண்டும்.

நாத்தனார் அன்று மதியத்துக்குள் ஒரு செய்தியோடு வந்தாள். தயாரிப்பாளரின் மச்சான் ஆளுங்கட்சியில் பொறுப்பில் இருக்கிறார்.

“அவ்வளவுதான் அண்ணி, ஆள் அகப்பட்டாச்சு.”

“உன் அண்ணனுக்கும் ஒரு மச்சான் இருக்கான், என் தம்பி. அவன் பேச்சை உன் அண்ணன் என்னைக்காவது கேட்டிருக்காரா?”

நாத்தனார் யோசித்துப் பார்த்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காலணியை மாட்டினாள்.

தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு சிறிய அறையில் அண்ணியும் நாத்தனாரும் பதிவுகளைப் பார்த்தார்கள். பிறைபோல் வளைந்த மேசை, நடுவில் நெறியாளர், இருபுறமும் விருந்தினர்கள். அண்ணி முதலில் கேட்டு வாங்கியது அரசியல் விவாதத்தை அல்ல, மருத்துவர்கள் கலந்துகொண்ட ஒன்றை. அதில் நெறியாளர் தன் இடக்கைப் பக்கம் தொடங்கி வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் இருந்த குழந்தை மருத்துவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது இடைவேளை வந்துவிட்டது. அடுத்த சுற்றில் அவரே விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தார்.

கட்சிக்காரர்கள் வந்த நாட்களில் அந்த வரிசை இல்லை. எதிர்க்கட்சிப் பேச்சாளர் நெறியாளரின் இடப்பக்கம் முதலாவதாக இருந்தார். நெறியாளர் அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போனார், சுற்றி வந்து கடைசியில்தான் அவரிடம் நின்றார். ஒரு நாள் அவருடைய நாற்காலி உடைந்துபோக, அவரை எதிர் முனைக்கு மாற்றியிருந்தார்கள். அன்று நெறியாளர் யாரையும் தாண்டாமல் இடப்பக்கத்திலிருந்து வரிசையாகவே கேட்டார், அப்போதும் அவரே கடைசி.

“நேரம் சமம்தான். ஆனா உடையறது அவர் பேச்சு மட்டும்,” என்றாள் நாத்தனார் மெதுவாக. தயாரிப்பாளரின் மச்சானை அவள் மறந்துவிட்டிருந்தாள்.

அண்ணி திரையில் இன்னொன்றையும் காட்டினார். மற்ற நிகழ்ச்சிகளில் பேச்சு அறுபடும்போது நெறியாளரின் கையிலிருந்த பேனா அசையாமல் இருந்தது. எதிர்க்கட்சிப் பேச்சாளரை நிறுத்தும்போது மட்டும் மேசையில் அழுந்தியது. அன்று மாலையே அந்தப் பதிவுகளை நெறியாளருக்கும் போட்டுக் காட்டினார்.

மறுநாள் தலைமை ஆசிரியரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். தயாரிப்பாளர் தன் பையை மடியிலேயே வைத்திருந்தார், எழுந்து போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பவர்போல. இடைவேளையை அவர் தீர்மானிப்பதில்லை, விளம்பரப் பிரிவின் கணினி தீர்மானிக்கிறது, அவர் எச்சரிக்கை மட்டுமே கொடுக்கிறார் என்று அண்ணி விளக்கினார். மருத்துவர்கள் வந்த நாளிலும் அது கடைசி ஆளைத்தான் வெட்டியது. நாற்காலி மாறிய நாளையும் சொன்னார்.

“சரி, யார் கடைசின்னு யார் முடிவு பண்றது?” என்றார் தலைமை ஆசிரியர்.

அண்ணி நெறியாளரின் பக்கம் திரும்பினார். நெறியாளர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் பழக்கம் என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், கூட்டம் கலைந்துவிடும். அந்தச் சொல் அவர் நாக்கின் நுனியில் இருந்தது. தயாரிப்பாளரின் மடியிலிருந்த பையைப் பார்த்தபின் அது உள்ளே போய்விட்டது.

“நான்தான் சார்.”

“அப்ப புகார் உண்மையா? ஆளுங்கட்சிக்காகவா?”

“இல்லை. நான் ஓட்டுப் போடறது எதிர்க்கட்சிக்கு. கடைசியில பேசறது ஜனங்க மனசுல நிக்கும்னு நினைச்சேன். அதை அவருக்குன்னு எடுத்து வச்சேன். இப்படி எடுத்து வைக்கிறேன்னு எனக்கே நேத்து வரைக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னும் ஒழுங்கா மறைச்சிருப்பேன்.”

வெளியே யாரோ தள்ளுவண்டியில் விளக்குகளை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை நான் அவங்களுக்கு என்னன்னு எழுதறது? எங்க நெறியாளர் உங்களுக்கு எதிரி இல்லை, உங்களுக்கு நல்லது பண்ணப் போய்த்தான் உங்க வாயை அடைச்சாங்கன்னா?”

நாத்தனார் சிரித்துவிட்டாள். அண்ணி அவள் காலை மெதுவாக மிதித்தார்.

நெறியாளர் தயாரிப்பாளரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, யார் எப்போது பேசுவது என்பதை இனிச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கலாம், சீட்டை எடுப்பது தானாக இருக்கக் கூடாது என்றார். அப்போதும் தன்னை வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் போய்விடுவதாகவும் சொன்னார். தலைமை ஆசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். இன்று மாலை மட்டும் நடத்துங்கள், பார்க்கலாம் என்றார்.

அன்று தயாரிப்பாளர் சீட்டு எடுத்தார். ஆளுங்கட்சிப் பேச்சாளர் கடைசியில் வந்தார். அவர் ஒரு முக்கியமான புள்ளிவிவரத்தைச் சொல்ல வாய் திறந்தபோது இடைவேளை வந்தது. நெறியாளர் நிறுத்தினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அலுவலகத் தொலைபேசி ஒலித்தது, நெறியாளரே எடுத்தார். ஆளுங்கட்சியிலிருந்து பேசினார்கள். நெறியாளர் எதிர்க்கட்சிக்கு விலைபோய்விட்டார் என்றது அந்தக் குரல்.

“விலைபோகலைங்க,” என்றார் நெறியாளர். “ஆனா நீங்க சந்தேகப்படறதுல தப்பில்லை. சொல்லுங்க, முழுசாக் கேக்கிறேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிர்முனையில் பேசியவர் சற்றுத் தடுமாறி, பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.